தட்டக் கற்றுக்கொண்ட கை

கல்லூரி ஜூடோ டீமில் முதல் மூன்று வாரம் எங்களில் யாரையும் தூக்கிப் போட விடவில்லை. விழுவது மட்டும்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு, ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஹாலில் மேட் விரிப்போம். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். மொத்தம் 32. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்து, காலால் தள்ளித் தள்ளி இடைவெளி இல்லாமல் சேர்க்க வேண்டும். இடைவெளி விட்டால் யாருடைய கால் கட்டைவிரலாவது அதில் மாட்டும். விரித்து முடித்ததும் மாஸ்டர் வந்து நிற்பார்.

"உட்காரு. தாடையை நெஞ்சோட ஒட்டு. பெல்ட் முடிச்சைப் பாரு. சாய். தட்டு."

அவ்வளவுதான் வகுப்பு. உட்கார்ந்தபடி ஐம்பது தடவை, குந்தி ஐம்பது தடவை, அப்புறம் நின்றபடி. ராத்திரி ஹாஸ்டலில் படுத்தால் இரண்டு முன்கைகளும் உள்பக்கம் சிவந்து கிடக்கும். சண்டை விளையாட்டு என்று சொல்லிக் கூட்டிவந்து விழ வைக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. அந்த மூன்று வாரத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் போடியில் வளர்ந்தவள். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தேன். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிவரை போனைப் பார்ப்பது, காலையில் முதல் பீரியடில் தூங்கி வழிவது, மத்தியானம் சாப்பிடாமல் விடுவது என்று நாள் ஓடியது. அந்தச் சமயத்தில் மெஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூன்றாம் வருடத்து அக்கா ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "நீ எத்தனை கிலோ?" என்று கேட்டார். ஐம்பது இருக்கும் என்றேன். "ஜூடோ டீம்ல 48-க்கு ஆளே இல்ல. வர்றியா? போட்டிக்குப் போனா ஓடி கிடைக்கும்" என்றார். ஓடி என்றால் 'ஆன் டியூட்டி', போட்டிக்குப் போகும் நாளுக்கும் வருகைப்பதிவு கிடைக்கும். அதற்காகத்தான் போனேன். யாரும் பெரிய காரணத்தோடு வருவதில்லை என்பதை அப்புறம் பார்த்தேன். ஒருத்தன் ராகிங் பயத்தில் வந்தான், ஒருத்தி தொப்பையைக் குறைக்க வந்தாள்.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பின்பக்கமாக விழும்போது நம் உடம்பு தானாகவே இரண்டு தப்பு செய்யும். கையைப் பின்னால் நீட்டி ஊன்றும், தலையைத் தொங்கவிடும். ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். தொங்கினால் பின்மண்டை தரையில் அடிக்கும். ஜூடோவில் விழும் முறைக்கு உகேமி என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கையிலிருந்து மேற்கை வரை முழுக் கையாலும், உடம்பிலிருந்து முப்பது நாற்பது டிகிரி தள்ளி, முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் மேட்டை அறைய வேண்டும். மூச்சை வெளியே விடவேண்டும். வந்த வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் கை, தோள், முதுகு என்று பரவிவிடும். கை சற்று முந்தினாலும் பிந்தினாலும் பலன் இல்லை. அந்த நேரம் கூடி வரத்தான் மூன்று வாரம்.

ஜப்பானில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோ பயிற்சியில் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பலர் தலையில் அடிபட்டு இறந்தவர்கள், அவர்களிலும் புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம். ஜூடோ பிறந்த ஊரிலேயே இந்த நிலை. ஒரு கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே உங்களைத் தூக்கிப் போட்டால், அடுத்த நாள் அங்கே போகாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

நான்காவது வாரம் அந்த அக்கா என்னை முதல் தடவையாகப் போட்டார். ஓ-கோஷி, இடுப்பில் ஏற்றிப் போடும் த்ரோ. அவர் இடுப்பு என் வயிற்றுக்குக் கீழே வந்தது தெரிந்தது. அடுத்து மேலே சுற்றும் ஃபேன் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் என் இடதுகை ஏற்கெனவே தட்டி முடித்திருந்தது. 'பட்' என்று ஹால் முழுக்கச் சத்தம். எங்கும் வலி இல்லை. என் சட்டைக் கையை அக்கா கடைசிவரை விடாமல் பிடித்திருந்தார். போடுகிறவர் அப்படிப் பிடித்திருந்தால்தான் விழுகிறவரின் தலை காக்கப்படும். எழுந்து நின்று, "இன்னொரு தடவை" என்றேன்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவும் ஒரு கல்லூரி மாணவர்தான். 1877-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குள்ளமான, ஒல்லியான பையன். மற்றவர்களிடம் அடிவாங்கிச் சலித்துப்போய் ஜுஜுட்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கப் போனார். பயிற்சிக்கூடத்தில் தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவரை என்ன செய்தும் வீழ்த்த முடியவில்லை. சுமோ முறைகளைப் பார்த்தார், அதுவும் உதவவில்லை. கடைசியில் நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். தோளில் ஏற்றிப் போடும் ஒரு முறை கிடைத்தது. திரும்பிவந்து அந்த ஆளைத் தூக்கிப் போட்டார். கத்தா குருமா என்று இப்போதும் நாங்கள் கற்கும் த்ரோ அதுதான். 1882-ல், படிப்பு முடித்த அடுத்த வருடம், ஒரு கோயிலில் 12 மேட் மட்டும் கொள்ளும் இடத்தில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். மாஸ்டர் இதைச் சொன்ன அன்றைக்கு, நூலகம் போவதும் மேட்டுக்கு வருவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்று எனக்குத் தோன்றியது.

படிப்பு என்ன ஆனது என்று எல்லோரும் கேட்பார்கள். என் அம்மாவும் கேட்டார். போனில், "ஏன்டி, படிக்கப் போனியா, சண்டை போடப் போனியா?" என்று. நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தரையிலிருந்து ஏழரைவரை போன் பையில் கிடக்கும். எட்டு மணிக்குக் குளித்துச் சாப்பிட்டால் பசியும் அசதியும் ஒரேயடியாக வரும். பத்தரைக்கு மேல் கண் தாங்காது. அதனால் எட்டரை முதல் பத்தரைவரை இருந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம்; வேறு இல்லை என்பதால் உட்கார்ந்தேன். அரியரை அடுத்த செமஸ்டரில் முடித்தேன். ஐந்தாவது செமஸ்டரில் இரண்டு போட்டிகள் அடுத்தடுத்து வந்து மார்க் இறங்கவும் செய்தது. 75 சதவீத வருகைப்பதிவை ஓடி காப்பாற்றும், உண்மைதான். லேபை அது காப்பாற்றாது. விட்டுப்போன எக்ஸ்பெரிமென்ட்டை யாரும் உங்களுக்காக மறுபடி வைக்க மாட்டார்கள். போட்டிக்குப் போகும் முன்பே ஓடி கடிதத்தில் துறைத்தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். லேப் சாரிடம் நேரில் போய் எந்த நாள் செய்துகொள்ளலாம் என்று கேட்டுவிடுங்கள். வந்தபிறகு கேட்டால் முகம் கடுக்கும். இன்டர்னல் நடக்கும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சிக்குப் போனேன். முழுக்க நிறுத்திய செமஸ்டரில் தூக்கம் மறுபடி கெட்டது. அதனால் நிறுத்தவே கூடாது என்று முடிவு செய்தேன்.

தட்டுவதில் இன்னொரு வகை உண்டு. எனக்கு இதுதான் முக்கியம்.

தரையில் மல்லுக்கட்டும்போது கழுத்தை நெரிக்கும் பிடிகளும் முழங்கையைப் பூட்டும் பிடிகளும் உண்டு. பிடி விழுந்து தாங்கமுடியாமல் போனால், எதிராளியின் உடம்பிலோ மேட் மேலோ இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டியதும் அவர் விட்டுவிட வேண்டும். அந்த நொடியே. யார் ஜெயித்தார், யார் சீனியர், ஆணா பெண்ணா எதுவும் கிடையாது. எங்கள் ஹாலில் பெண்கள் ஐந்தே பேர் என்பதால் பையன்களோடும் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவை 66 கிலோ பையன் ஒருவன் என் காலரைப் பிடித்தபோது உடம்பே விறைத்துப்போனது. அதுவரை எந்த ஆணும் என் சட்டையைப் பிடித்ததில்லை. மூன்று நிமிடத்தில் அவன் ஒரு பிடி போட்டான். பயத்தில் உடனே தட்டினேன். கையைச் சுடுதண்ணீரில் பட்டதுபோல விலக்கிக்கொண்டான். "சரியா இருக்கியா?" என்று கேட்டான். தலை குனிந்து வணங்கினோம், திரும்பத் தொடங்கினோம்.

இப்படி ஆயிரம் தடவையாவது தட்டியிருப்பேன். என்னிடமும் அத்தனை தடவை தட்டியிருப்பார்கள். 'போதும்' என்று ஒருத்தி சொன்னால் அது உடனே கேட்கப்படும் ஓர் இடத்தில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். நான் வளர்ந்த தெருவில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இந்த மதிப்பு இருந்ததில்லை. அது கேட்கப்படும் இடத்தில் பழகிவிட்டால், கேட்கப்படாத இடத்தைச் சட்டென்று அடையாளம் தெரிகிறது. காந்திபுரம் பஸ்ஸில் என்மேல் சாய்ந்துகொண்டே வந்த ஆளிடம் "தள்ளி நில்லுங்க" என்று நிதானமான குரலில் சொன்னேன். அவரைத் தூக்கிப் போட வேண்டிய தேவை வரவில்லை. குரல் நடுங்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது. கல்லூரிப் பெண்களிடம் சண்டை விளையாட்டைத் தற்காப்பு என்று சொல்லி விற்கிறார்கள். நான்கு மாதம் பயின்றால் யாரையும் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓட வழி இருந்தால் ஓடுவதுதான் தற்காப்பு என்று எங்கள் மாஸ்டரே சொல்வார்.

தட்டாமல் இருந்ததற்கான விலையையும் கொடுத்தேன். இரண்டாம் வருடம் டீம் தேர்வில், ஜூஜி கத்தாமே என்கிற கைப்பிடியில் மாட்டினேன். முழங்கை நிமிர்ந்து வளையத் தொடங்கியது தெரிந்தது. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான், தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். 'டக்'. ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. வலதுகை என்பதால் ரெக்கார்டு எழுதக்கூட ரூம்மேட் உதவி வேண்டியிருந்தது. கையைப் பிடித்திருந்த பெண் என்னைவிட அதிகமாக அழுதாள். எலும்பு டாக்டரிடம் போகும் முன் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம் என்று மாஸ்டர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. பிசியோதெரபியை முழுக்க முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். வீக்கம் வற்றியதும் பாதியில் விட்ட நண்பன் ஒருவனுக்கு இன்றைக்கும் முழங்கை முழுக்க நிமிராது.

அடுத்த தப்பு எடை. என் எடை ஐம்பதரை. டீமுக்கு 48-ல் ஆள் வேண்டும். எடையைக் குறைத்துவிடு என்று ஒருவர் சொன்னார், நானும் சரி என்றேன். கடைசி இரண்டு நாள் சாப்பாட்டை விட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினேன். தராசு 47.9 காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். மேட் மேல் ஏறியபோது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. நாற்பது நொடிகூட ஆகவில்லை, இப்பான் கொடுத்துவிட்டார்கள். முதுகு முழுதாகத் தரையில் படும்படி வேகமாக விழுந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது.

அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள். ரப்பர் உடை போட்டுக்கொண்டு சூட்டில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தவர்கள். அதன்பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்த விதிகளை மாற்றினார்கள். இதைப் படித்ததும் மாஸ்டரிடம் போய், இனி 52-ல்தான் ஆடுவேன், இல்லையென்றால் டீம் வேண்டாம் என்றேன். "அதத்தான் நீயா வந்து சொல்லணும்னு இருந்தேன்" என்றார். அவரே முன்னால் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வருத்தம் உண்டு. 52-ல் எனக்கு எதிரில் வந்தவர்கள் என்னைவிடப் பலசாலிகள். ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முழு நான்கு நிமிடம் ஆடினேன். மூன்றாம் வருடம் மண்டலப் போட்டியில் வெண்கலம் வந்தது.

சாப்பாட்டுக்கு ஹாஸ்டலிலேயே வழி இருக்கிறது. புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு மாதம் மூவாயிரம் கொட்டிய பையன்களைப் பார்த்தேன். நான் காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் பயிற்சிக்கு முன் ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும், முடிந்தபின் மெஸ் அக்கா எடுத்துவைக்கும் சாதமும் பருப்பும், கிடைத்தால் சுண்டல். மெஸ் எட்டரைக்கு மூடிவிடும். அந்த அக்காவிடம் முதல் நாளே போய்ப் பேசிவைத்தது அந்த வருடத்தில் நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம்.

தோல் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். மேட் வழியாகப் படர்தாமரை பரவும். வட்டமாகச் சிவந்து அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கலவை க்ரீமைப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் பெரிதாகப் படரும். தோல் டாக்டரிடம் போங்கள், ஆறும்வரை மேட்டுக்கு வராதீர்கள். ஜூடோ உடையை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டும். நகம் ஒட்ட வெட்ட வேண்டும். மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு, ஏறினால் வெறுங்கால். பாத்ரூமுக்கு வெறுங்காலோடு போய்வந்தவரை மாஸ்டர் அன்றைக்குச் சேர்க்க மாட்டார். மாதவிலக்கு நாட்களில் வெள்ளை உடைக்குப் பதில் நீல உடையைப் போட்டுக்கொள்வேன். அக்கா சொல்லித் தந்தது. உடல் ஒத்துழைக்கவில்லை என்றால் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன், காரணம் கேட்கப்படவில்லை.

அந்த அக்காதான் கெய்கோ ஃபுகுடாவைப் பற்றியும் சொன்னார். கானோவுக்கு ஜுஜுட்ஸு கற்றுத்தந்தவரின் பேத்தி. ஐந்தடிகூட இல்லாத உயரம். டான் என்பது கருப்பு பெல்ட்டில் உள்ள படிநிலை. பெண் என்பதாலேயே ஐந்தாம் டானுக்கு மேல் தராமல் பல வருடம் நிறுத்திவைத்தார்கள். 1972-ல்தான் ஆறாம் டான். 2011-ல், 98 வயதில், அமெரிக்காவில் பத்தாம் டான் கொடுத்தார்கள். நம் நாட்டில் மணிப்பூரின் சுஷீலா தேவி 48 கிலோவில் 2014-லும் 2022-லும் காமன்வெல்த் வெள்ளி வாங்கியவர். தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போன ஒரே ஆள். போட்டிக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் இந்த இருவரையும் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். உக்கடம் பக்கம் வண்டி வழுக்கியது. எனக்கு நினைவில் இருப்பது என் கண் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான். தாடை தானாக ஒட்டிக்கொண்டது. தோள் முதலில் பட்டு உருண்டேன். கை தட்டியும்விட்டது, தார் ரோட்டில் தட்டக்கூடாது, உருள மட்டுமே வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை, அதனால் உள்ளங்கை உரிந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குத்தான் அம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்த வெள்ளைத் துணிய இங்க வரும்போது கொண்டா, நான் துவைச்சுத் தர்றேன்" என்றார்.

எந்த விளையாட்டில் சேரலாம் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பாக்ஸிங், டேக்வாண்டோ, மல்யுத்தம் எதுவானாலும் சரி, முதலில் ஒரு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவர்களிடம் சீனியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? தட்டினால் விடுகிறார்களா? அடிபட்டவரை உட்கார வைக்கிறார்களா, 'ஒண்ணும் இல்ல, ஆடு' என்கிறார்களா? பாக்ஸிங் என்றால், தலையில் பலமாக அடிக்கும் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டை தினமும் நடக்கிறதா என்று பாருங்கள், நடந்தால் வேண்டாம். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ தலைவலியோ வந்தால் டாக்டர் சொல்லும்வரை திரும்பக்கூடாது. மூன்று மாதத்துக்கொரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் பணம் என்று நடக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். எனக்குப் பச்சை பெல்ட் வர இரண்டரை வருடம் ஆனது.

கடைசி வருடத்தில் புதியவர்களை மாஸ்டர் என்னிடம் விட்டார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த முதல் வருடத்துப் பெண் ஒருத்தி. நன்றாக விழுவாள், பலசாலி. கைப்பிடி போட்டால் மட்டும் தட்டவே மாட்டாள். மெதுவாக, மிக மெதுவாக அவள் முழங்கையை நிமிர்த்திவிட்டு நிறுத்துவேன். "தட்டும்மா." "தாங்கிடுவேன்க்கா." நானே விட்டுவிடுவேன். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் என் வலது முழங்கையை அவளிடம் நீட்டி, நிமிரும்போது வரும் அந்த மெல்லிய 'கிர்ர்' சத்தத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தொட்டுப் பார்த்தாள்.

திரும்பப் படுத்தோம். அவள் கையைப் பிடித்து, என் கால்களை அவள் நெஞ்சின் மேல் போட்டு, இடுப்பை ஒரு விரல்கடை அளவு உயர்த்தினேன். என் முழங்காலுக்கு மேலே இரண்டு தட்டு விழுந்தது.

விட்டேன்.